நீங்க எந்த ஊரு சார்?

உளவள ஆலோசகராகப் பயிற்சி எடுப்பவர்களுக்குப் பதற்றம் வருவது இயல்பு என்று பாடநூல்கள் சொல்கின்றன. கை வியர்க்கும். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாது. அமர்வுக் குறிப்பைப் படித்துவிட்டு மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ என்று வயிறு கலங்கும். பத்துப் பேரைப் பார்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். கூடப் படித்தவர்களுக்குச் சரியானது. எனக்குப் பத்தாவது ஆளிடம்தான் கூடியது.

ஆலோசனை என்பது நம்பிக்கையைக் கட்டும் வேலை. நம்பிக்கை வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் நம்மைப் பற்றியும் கேட்பார். இராமநாதபுரம் மாவட்டத்தில் அவர் முதலில் கேட்பது, 'நீங்க எந்த ஊரு?' ஊரைச் சொன்னால், 'அதுல எந்தப் பக்கம்?' அதற்கும் பதில் சொல்லிவிட்டால் 'என்ன ஆளுக?' என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. அமர்வு எவ்வளவு நன்றாகப் போகிறதோ அவ்வளவு பக்கத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். நான் பயந்தது தோற்றுவிடுவேனோ என்றல்ல, அமர்வு நன்றாகப் போய்விடுமோ என்று.

பாம்பனுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்குக் களப்பயிற்சி. ஒன்பதாம் வகுப்புப் பையன். விசைப்படகில் கூலிக்குப் போன அப்பா இலங்கைச் சிறையில் இருந்தார். பையன் இரவில் தூங்குவதில்லை என்று ஆசிரியர் அனுப்பிவைத்தார். அவன் கையில் இரண்டு நிறத்தில் கயிறு. அந்த நிறங்கள் எங்கள் ஊர்ச் சுவர்களிலும் உண்டு, எங்கள் தெருவில் இல்லை. மூன்றாவது அமர்வில்தான் வாய் திறந்தான். முதலில் கேட்டது: "நீங்க எந்த ஊரு சார்?"

"ராம்நாடுதான்ப்பா" என்றேன். "ராம்நாட்டுல எங்க சார்?" என்றான். பரமக்குடிப் பக்கம் என்று சொல்லலாமா, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லலாமா, மதுரை என்று மாற்றிவிடலாமா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவன் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னான். எனக்குக் காதில் விழவில்லை.

இதை அப்படியே குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் சொன்னார்: "அவன் ஊரைத்தான் கேட்டான். சாதியை அறைக்குள் கொண்டுவந்தது நீங்கள். ஆலோசகர் ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும்." கூடவே மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார்.

ஒளிவுமறைவின்மை கார்ல் ரோஜர்ஸின் பாடம். ஆலோசகரிடம் போலித்தனம் கூடாது, எதிரில் இருப்பவரை நிபந்தனையின்றி ஏற்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் முறையாக வகுத்து எழுதிய கட்டுரை வந்தது 1957இல். எங்கள் மாவட்டத்துக்கும் அந்த ஆண்டு முக்கியமானது. முதுகுளத்தூர் கலவரத்தின்போது, மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் சரிசமமாக உட்கார்ந்து பேசினார் இமானுவேல் சேகரன். மறுநாள், செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் கொலை செய்யப்பட்டார். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட என் வயது. 2011இல் அதே செப்டம்பர் 11 அன்று அதே பரமக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் எங்கள் மக்கள் செத்தார்கள். எதிரெதிர் நாற்காலியில் இருவர் சமமாக உட்கார முடியும் என்பதை ரோஜர்ஸ் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். இங்கே அது உயிர் போன விஷயம். ஏர்வாடியில் 2001இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்ததை வகுப்பில் சொன்னார்கள், சொல்லத்தான் வேண்டும். 1957ஐ யாரும் சொல்லவில்லை.

'எல்லோருக்கும்தானே பயம், எதற்கெடுத்தாலும் சாதியா?' என்று கேட்கும் முற்போக்குத் தோழர்களும் உண்டு. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிறு இருப்பதை அரசு அமைத்த குழுவே ஒப்புக்கொள்கிறது. கயிறு கட்டிய பையனுக்கு முன் உட்காரும் தலித் பயிற்சியாளரின் பயத்துக்கு மட்டும் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று பெயர்.

இடஒதுக்கீடு என்னை வகுப்பறை வரை கொண்டுவந்தது. மேற்பார்வையாளர் நாற்காலியில் எங்கள் ஆட்களை நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலியும் எங்களுக்கு வேண்டும். அதுவரை, அதில் உட்கார்ந்திருப்பவர் முதல் நாளிலேயே தன் சாதி தனக்கு எதையெல்லாம் சுலபமாக்கியது என்று பேசட்டும். 'எந்த ஊரு' என்ற கேள்வியை எப்படி எதிர்கொள்வதென்று பாடமாக நடத்தட்டும். அதற்குப் பிறகு மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்தப் பையன் நான்காவது அமர்வுக்கு வரவில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் காரணம் என்று எழுதப்பட்டிருந்தது: 'பயிற்சியாளரின் பதற்றம்'.