மரம் இல்லாத கூரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 'கார்டன் ஹவுஸ்' என்றொரு பழைய பங்களா. கலெக்டர் பங்களா என்றால் ஊரில் தெரியும். சரித்திரப் பிரியர்களுக்கு அது கிளைவ் வீடு. கிளைவ் இங்கே கவர்னராக இருந்தது என்னவோ 1756-ல் சில மாதங்கள்தான். கல்கத்தாவை மீட்கக் கப்பலேறிவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது!

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்று வளைத்துக்கொண்டார்கள். அப்படிச் சிக்கியவைதான் 'குண்டு கிராமங்கள்'. கோட்டையைவிட்டுச் சற்றுத் தள்ளி, தோட்டத்துக்கு நடுவே கவர்னர் தங்க எழுந்தது இந்த வீடு.

கட்டிய ஆண்டு 1733 என்பார்கள். அப்போது இங்கிலாந்தில் இரண்டாம் ஜார்ஜ் ஆட்சி. அந்த ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பண்ணைவீடுகளை இன்றும் அங்கே பொத்திப் பாதுகாக்கிறார்கள். அவற்றின் கூரைக்கு மரச்சட்டம் வேண்டும். நம் ஊர் 'மெட்ராஸ் டெரஸ்' தளத்துக்கும் தேக்கு உத்திரம் வேண்டும். மஞ்சக்குப்பத்துக் கூரையிலோ மரமும் இல்லை, இரும்பும் இல்லை. செங்கல்லும் நீற்றிய சுண்ணாம்பும் மட்டுமே. கரையான் அரிக்க ஒன்றுமில்லை, கடற்காற்றில் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. உத்திரம் இல்லாமல் செங்கல் அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் வளைவாகத்தான் அடுக்க வேண்டும். ஒரு கல் அடுத்த கல்லை நெருக்க, பாரம் பக்கவாட்டில் இறங்கித் தடித்த சுவர்களுக்குப் போய்விடும். கொத்தனாரின் கைக்கணக்கு கொஞ்சம் பிசகினாலும் தலைமேல்தான்!

1746 டிசம்பரில் கோட்டையைப் பிடிக்க வந்த பிரெஞ்சுப் படை முதலில் புகுந்தது இந்தத் தோட்டத்தில்தான். நடந்து களைத்தவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் ஆற்காடு நவாபின் படை பாய்ந்தது, விழுந்தடித்து ஓடினார்கள். 1758-ல் லாலி வந்து கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். இன்று கோட்டை இருந்த இடத்தில் இடிபாடுகள்தான்.

இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு இப்போது பீரங்கியைவிட ஆபத்தானது சிமென்ட் மூட்டை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். சிதம்பரம் பக்கம் தாத்தா காலத்து வீட்டை வைத்திருப்பவர்களும் விரிசலைக் கண்டதும் சிமென்ட் வாங்க ஓடாமல், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது நல்லது. கூலி கூடத்தான் ஆகும்.