காய்கறி வண்டி எல்லாத் தெருவுக்கும் வரட்டும்

கொல்கத்தா வாழ் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



தென் கொல்கத்தாவிலும் ஈ.எம். பைபாஸ் ஓரத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள், செக்டர் ஃபைவில் வேலை பார்க்கும் இளையவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். மாநில அரசின் சுபல் பாங்லா காய்கறிக் கடையோ வண்டியோ, நடந்துபோகும் தூரத்தில் நல்ல சந்தை இல்லாத பகுதிகளுக்கு, குறித்த நாளில் குறித்த நேரத்தில், வருடம் முழுவதும் வர வேண்டும். அதற்கான மனுவில் நீங்களும் கையெழுத்திட வேண்டும்.

"லேக் மார்க்கெட் இருக்கிற ஊரில் காய்கறிக்கு என்ன பஞ்சம்?" என்று எங்களிடமே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடிகாலையில் ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் போனால் வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, நுனி இலை எல்லாம் கிடைக்கும். சென்னையில்கூட இவ்வளவு இளசாக முருங்கைக்காய் வாங்கியதில்லை என்பார் எங்களில் ஒரு மாமி. கேனிங், லட்சுமிகாந்தபூர் பக்கமிருந்து இருட்டோடு முதல் லோக்கல் ரயிலில் மூட்டையை ஏற்றிக்கொண்டு வரும் மாஷிகள், நடைபாதையில் சாக்கை விரித்துக் கல்மி, கொடிப்பசலை, ஹெலெஞ்சா எனக் கீரைக் கட்டுகளை அடுக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நூறு கிராம் பச்சை மிளகாய் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்து, நாலு மிளகாயைக் கொசுறாகவும் போடுவார்கள். அப்படி ஒரு பஜாரின் பக்கத்தில் வாழ்வது ஒரு கொடுப்பினை.

ஆனால் நம்மவர்களே இப்போது லேக் மார்க்கெட்டைச் சுற்றி இல்லையே! வாடகை ஏற ஏற கரியா, பெஹாலா, பைபாஸ், ராஜர்ஹாட் என்று சிதறிவிட்டோம். பழைய கொல்கத்தா பாரா பாராவாக, அதாவது பேட்டை பேட்டையாக, வளர்ந்த ஊர். ஒவ்வொரு பாராவுக்கும் எட்டி நடந்தால் ஒரு பஜார் இருந்தது. புதிய கொல்கத்தாவில் முதலில் சாலை வந்தது, அப்புறம் அடுக்குமாடி, அதற்கப்புறம் மால். நியூ டவுனில் சில பிளாக்குகளில் சந்தை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு டோட்டோ என்னும் மின் ரிக்‌ஷாதான் கதி. போக பத்து, வர பத்து என்று கொடுத்துவிட்டு அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கி வருவதற்குள் அதன் விலை என்ன ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பைபாஸுக்கு மெட்ரோவின் ஆரஞ்சு வழித்தடம் 2024 மார்ச்சில் ரூபி வரை வந்தது, 2025 ஆகஸ்டில் பேலேகாட்டா வரை நீண்டது. காய்கறிக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை.

நம் பாடு பரவாயில்லை. செல்பேசியில் தட்டினால் பிளிங்கிட்டோ செப்டோவோ பத்து நிமிஷத்தில் பன்னிரண்டாவது மாடிக் கதவைத் தட்டுகிறது. அதே வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் நிலைமையைப் பாருங்கள். கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு, நோனாடாங்கா போன்ற இடங்களில் அடுக்குக் கட்டடங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களிலிருந்து வருபவர் அவர். கொல்கத்தாவில் பஜார் என்றால் காலை பஜார். அந்த நேரத்தில் அவர் நம் வீட்டில் இருக்கிறார். நாலு வீடு முடித்து அவர் திரும்பும்போது நல்ல சரக்கெல்லாம் போய்விடும். பிறகு வீட்டுப் பக்கத்து முதிகானாதான், அதாவது சின்ன மளிகைக் கடைதான்.

அப்படிப்பட்ட ஒரு முதிகானா முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். வாசலில் சரஞ்சரமாக ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் தொங்கும். பின்னால் நூடுல்ஸ், பிஸ்கட், கடுகெண்ணெய். கீழே கூடைகளில் ஜோதி உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு. ஓரத்தில் காலையில் வந்து இப்போது தோல் சுருங்கிவிட்ட நாலைந்து கத்தரிக்காய். கீரை இருக்காது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. உருளைக்கிழங்கு பல நாள் தாங்கும், கீரை சாயங்காலம் வரை தாங்காது. நட்டம் அவர் தலையில். கடையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருக்கும்தான், ஆனால் அது குளிர்பானக் கம்பெனி கொடுத்தது. அதில் பாட்டில்தான் நிற்கும், பசலை நிற்காது.

ரேஷன் இருக்கிறதே என்பீர்கள். மேற்கு வங்கத்தில் 2016 ஜனவரியில் காத்ய சாதி திட்டம் வந்த பிறகு கிலோ 2 ரூபாய்க்கும், பின்னர் இலவசமாகவும் தானியம் கோடிக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. அது பெரிய காரியம், மறுக்க முடியாது. வயிறு நிறைந்தது. ஆனால் அரிசியும் ஆட்டாவும் மட்டும் சோகையைப் போக்காது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்த மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 71.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. முந்தைய கணக்கெடுப்பில் 62.5 ஆக இருந்தது ஏறியிருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது தினம் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் காய்கறி. சுருங்கிய நாலு கத்தரிக்காயிலிருந்து அதை எடுக்க முடியாது.

சுபல் பாங்லாவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். 2014இல் மாநில வேளாண் சந்தைப்படுத்தல் துறை, ஹூக்ளி மாவட்டம் சிங்கூரை மையமாக வைத்து இதைத் தொடங்கியது. 2008இல் டாடா நானோ தொழிற்சாலை வெளியேறியதே, அதே சிங்கூர்தான். விவசாயிகளிடமும் அவர்களின் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமும் நேராக வாங்கி, நிலையான கடைகளிலும் வண்டிகளிலும் விற்பது திட்டம். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். காய்கறியோடு கோபிந்தோபோக் அரிசியும் கிடைக்கும். சிறிய அளவில் தொடங்கியது இன்று மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான கடைகளாகப் பெருகியிருக்கிறது. 2019 டிசம்பரில் வெங்காயம் 150 ரூபாயைத் தொட்டபோது இங்கே 59 ரூபாய்க்கு விற்றார்கள். 2020இல் உருளைக்கிழங்கு வெளியில் 40 ரூபாயைத் தாண்டியபோது இங்கே 25 ரூபாய். வரிசையில் நின்றவர்கள் எங்களிலும் உண்டு.

குறையும் அதில்தான் இருக்கிறது. வெங்காயம் தீப்பிடித்தால் வண்டி ஓடி வருகிறது. விலை அடங்கியதும் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரிவதில்லை. விலை நெருப்பை அணைக்கும் வண்டியாகவே அதை நடத்துகிறார்கள். சோகைக்கும் சர்க்கரை நோய்க்கும் அப்படி ஒரு சீசன் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை அமைப்பதற்கு இடம் தேடும்போது, ஏற்கெனவே நாலு பஜார் உள்ள, சாலை அகலமான, கேட்பதற்கு ஆள் உள்ள பகுதியே கண்ணில் படுகிறது. எங்கள் அனுபவத்தில் வண்டி அதிகம் தேவைப்படும் தெருவே அதை அதிகம் பார்க்காத தெரு.

நாம் தமிழ்நாட்டுக்காரர்கள், இந்த விஷயத்தில் கொஞ்சம் பெருமை பேசலாம். 1904இலேயே திருவல்லிக்கேணியில் நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி மளிகை விற்றவர்கள் நம் பாட்டன்மார். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது, 2013 ஜூனில் சென்னையில் பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகள் வந்தன. தொடங்கியவர்கள் எதிரும் புதிருமான இரண்டு கட்சிக்காரர்கள். ஆட்சி மாறிய பின்னும் இரண்டும் நின்றன. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், கடைகள் முன்பே அங்கே இருந்ததுதான். ஊரிலுள்ள ரேஷனில் 2007இலிருந்தே துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் தருகிறார்கள் என்று இங்கே பக்கத்து வீட்டு வங்காளி நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2004இல் 3 கோடி டாலர் ஒதுக்கி, கடை இல்லாத பகுதிகளில் கடை திறப்பவர்களுக்குக் கடனும் மானியமும் கொடுத்தது. பிலடெல்பியாவில் அப்படி வந்த ஒரு பெரிய கடையைச் சுற்றி ஆய்வு செய்தவர்கள் 2014இல் எழுதியது என்ன? காய்கறி பக்கத்தில் கிடைக்கிறது என்று மக்கள் உணர்ந்தார்கள், ஆனால் சாப்பிடும் அளவு கூடவில்லை. கான்சஸ் நகரத்தில் நகராட்சிக்குச் சொந்தமான இடத்தில் 2018இல் திறந்த பேரங்காடி, அலமாரிகள் காலியாகி 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. அரசுப் பணத்தில் பெரிய கட்டடம் எழுப்பிவிட்டால் தட்டில் கீரை விழுந்துவிடாது.

அதனால்தான் நாங்கள் பேரங்காடி கேட்கவில்லை. கொல்கத்தாவின் ஜனங்களுக்குத் தினம் வாங்கித் தினம் சமைக்கும் பழக்கம் இருக்கிறது. வாழைப்பூ நறுக்கத் தெரியும், சுரைக்காய்த் தோலைக்கூட வீணாக்காமல் பொரிக்கத் தெரியும். பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. சரக்கும் நேரமும் இடமும்தான் தடை. முக்கியமாக நேரம். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை, வேலை முடிந்து வரும் பெண்கள் இறங்கும் டோட்டோ ஸ்டாண்டு பக்கம், வாரத்தில் நாலு நாளாவது வண்டி நிற்கட்டும். அதில் பருப்பும் முட்டையும் இருக்கட்டும். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதிய பலகை ஒன்று அங்கே நிரந்தரமாக இருக்கட்டும், வண்டி வராத நாளில் யாரைக் கேட்பது என்பதோடு. மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒரு தரைத்தள அறையை வாடகையில்லாமல் ஒதுக்கி, அங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கடையை நடத்தக் கொடுக்கலாம். முதிகானாக்காரருக்கும் காய்கறிக்கென்று ஒரு சிறு குளிர்பெட்டி மானியத்தில் கிடைத்தால், கீரை விற்க அவர் ஏன் மாட்டேன் என்று சொல்லப்போகிறார்?

பைபாஸுக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்பதையும் அதிகாரிகள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த, 125 சதுர கிலோமீட்டர் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்த்து, தாபா என்னும் இடத்தின் குப்பை நிலத்தில் காலிஃபிளவர் விளைவிக்கும் இந்த அதிசயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சூழலியலாளர் துருபஜோதி கோஷ். அங்கே விளையும் காய்கறி சியால்டாவின் கோலே மார்க்கெட் போன்ற மொத்தச் சந்தைகளுக்குப் போய், கைமாறி, கூலி ஏறி, திரும்பவும் பைபாஸுக்கு வருவதற்குள் வாடியும்விடுகிறது, விலையும் கூடிவிடுகிறது. நேராக வாங்கினால் விவசாயிக்கும் லாபம். அந்த மண்ணில் கன உலோகம் இருக்கிறதா என்று சோதித்து, முடிவைப் பலகையில் ஒட்டச் சொல்வதும் எங்கள் மனுவில் உண்டு. அரசு விற்கும் பொருளில் அந்த நம்பிக்கை இருந்தாக வேண்டும்.

சாக்கு விரித்து உட்காரும் மாஷிகளுக்கு இதனால் கேடு வந்துவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. 2020இல் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனாக 10,000 ரூபாய் கிடைத்தது, 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். ஆனாலும் நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று கிளம்பும்போதெல்லாம் முதலில் பறக்கும் மூட்டை அவர்களுடையதாகவே இருக்கிறது. 2024 ஜூனிலும் பார்த்தோம். கீரையை நம் வாசலுக்குக் கொண்டுவருபவர்களை விரட்டிவிட்டு அரசு வண்டி விடுவதில் அர்த்தமில்லை. வண்டி அவர்கள் இல்லாத தெருவுக்குப் போகட்டும். அவர்கள் இருக்கும் தெருவில் உட்கார நிழலும் தண்ணீரும் கொடுக்கட்டும்.

இனி உங்களிடம். மனு வங்காள மொழியிலும் ஆங்கிலத்திலும் தயாராக இருக்கிறது, தமிழ்ப் பிரதியும் இணைத்திருக்கிறோம். வார்டு கவுன்சிலருக்கும் மாநகராட்சியின் போரோ அலுவலகத்துக்கும் வேளாண் சந்தைப்படுத்தல் துறைக்கும் அது போகும். உங்கள் பிளாக்கில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு, மிக அருகிலுள்ள சந்தை எவ்வளவு தூரம், சாயங்காலம் அங்கே என்ன கிடைக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அடுக்குமாடிச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள், வெளிவாசல் பக்கம் வண்டி நிற்க இடம் கொடுங்கள். "வெளியாள் வருவார்கள், கூட்டம் சேரும்" என்று சொல்லித் தடுக்காதீர்கள். வண்டி வந்தால் வாங்குங்கள். விற்பனை இல்லை என்று காரணம் காட்டி நிறுத்துவது அதிகாரிகளுக்கு மிகச் சுலபம்.

நாம் மட்டும் கையெழுத்திட்டால் இது தமிழர் மனுவாகிவிடும். உங்கள் வீட்டில் வேலை செய்பவர், வாசலில் நிற்கும் காவலாளி, எதிர் வீட்டு வங்காளி, கீழ்த்தளத்து பீகாரி எல்லாரிடமும் வாங்குங்கள். பெயர் எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும், அதுவும் செல்லும்.

இப்படிக்கு,
கொல்கத்தா வாழ் தமிழ்க் குடும்பங்கள் சில