பத்து மடங்கு தூரம்

தில்லி விமான நிலையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 420 கி.மீ. பறந்தால் லக்னோ. வடமேற்கே அதே 420 கி.மீ. பறந்தால் லாகூர். லக்னோ பயணி ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடுவார். லாகூர் பயணிக்கோ 2019க்குப் பிறகு நேரடி விமானமே கிடையாது.

விசா கிடைத்த அதிர்ஷ்டசாலிக்கு வழக்கமான வழி துபாய். தில்லியிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 2,200 கி.மீ. அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, வந்த திசையிலேயே திரும்பி லாகூருக்கு இன்னொரு 2,000 கி.மீ. கூட்டினால் 4,200. ஏறத்தாழப் பத்து மடங்கு! பறக்கும் நேரம் மட்டுமே ஆறேழு மணி. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

இந்தக் கணக்கு அடிக்கடி மாறியிருக்கிறது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 2002 ஜனவரி 1 முதல் இரு நாடுகளுக்கும் இடையே விமானங்கள் நின்றன. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்ப வந்தன. 2019இல் சம்ஜௌதா ரயிலும் தில்லி-லாகூர் பஸ்ஸும் நின்றன. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலையை அடுத்து அட்டாரி எல்லை வாசல் மூடப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் இரு நாடுகளும் மற்றவரின் விமானங்களுக்குத் தங்கள் வானத்தையும் மூடிவிட்டன.

அதன் விளைவு லாகூரோடு நிற்கவில்லை. தில்லியிலிருந்து சுமார் 1,600 கி.மீ. தூரத்தில் இருக்கிறது தாஷ்கண்ட். பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போகத் தன் விமானங்களால் முடியாது என்று இண்டிகோ அந்தச் சேவையை நிறுத்தியது. 1966இல் சாஸ்திரியும் அயூப் கானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே தாஷ்கண்ட்!

பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நாட்டிடம் கதவைத் திறந்து வை என்று சொல்வது சுலபமல்ல. ஆனால் மூடிய கதவில் முட்டிக்கொள்பவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் அல்ல. அவர்கள் விசா கேட்டு வருவதில்லை. முட்டிக்கொள்பவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் மணமுடித்துப் போன பெண்கள், தாயின் கடைசி முகத்தைப் பார்க்க நினைக்கும் பிள்ளைகள், நோயாளிகள்.

2003 ஜூலையில், விமானங்கள் இன்னும் தொடங்காத நேரத்தில், பஸ் மட்டும் மீண்டும் ஓடியது. லாகூரிலிருந்து அதில் வந்தாள் இதயக் கோளாறுடன் பிறந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி. பெங்களூரில் அறுவை சிகிச்சை முடிந்து நலமாக ஊர் திரும்பினாள். இரு நாட்டுப் பத்திரிகைகளும் அவளைக் கொண்டாடின.

2025இல் அந்த பஸ்ஸும் இல்லை. பாகிஸ்தானியருக்குக் கொடுத்திருந்த மருத்துவ விசாக்கள்கூட ஏப்ரல் 29 வரைதான் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. நோயுற்ற ஒரு குழந்தைக்கு 4,200 கி.மீ.கூடப் பெரிய தூரமில்லை. துபாய் சுற்றியாவது வந்துவிடலாம். விசா இல்லாத தூரத்தை எந்த விமானத்தில் கடப்பது?