பொன்னியின் செல்வனும் அந்தமான் கடலும்: கல்வெட்டு எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது?

சௌல்தாரி: வாரப் பத்திரிகையில் தொடராக வெளிவந்த ஒரு தமிழ் நாவல், ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின் திரைப்படமாகி, சோழர் வரலாற்றை மீண்டும் பொதுப் பேச்சின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. அதே காலகட்டத்தில் சோழரின் பெயர் அரசு விழாக்களிலும் நாட்டின் வரைபடத்திலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது.

அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்படுவதாக மத்திய அரசு 2024 செப்டம்பர் 13 அன்று அறிவித்தது. ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் விளங்கின என்றும் அந்த அறிவிப்பில் கூறப்பட்டது. தெற்கு அந்தமானின் சௌல்தாரி போன்ற ஊர்களில் வாழ்வோருக்குச் சோழர் வரலாறு இனித் திரையரங்கோடு முடிவதில்லை. அவர்களுடைய தலைநகரின் பெயர் விளக்கத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. ஆகவே, இவ்வரலாற்றில் கல்வெட்டு சொல்வது எது, கதாசிரியர் புனைந்தது எது என்ற கேள்வி இப்போது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

பத்திரிகையிலிருந்து திரைக்கு

எழுத்தாளர் கல்கி கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட இந்நாவல் நிறைவுற்ற அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். 1999-ல் அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன.

இந்நாவலைப் படமாக்கும் உரிமையை 1958-ல் எம்.ஜி.ஆர். பெற்றிருந்தும் அம்முயற்சி நிறைவேறவில்லை. இறுதியில் இயக்குநர் மணிரத்னம் அதனை இரு பாகங்களாக எடுத்தார். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. 70-வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு ஆகிய நான்கு பிரிவுகளில் முதல் பாகம் விருது பெற்றது.

பெரிய நாவலைச் சுருக்கும்போது மாற்றங்கள் தவிர்க்க இயலாதவை. நாவலில் முக்கிய இடம் பெற்ற மணிமேகலை என்ற பாத்திரம் திரையில் இல்லை. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று நாவலின் இறுதியில் வரும் திருப்பமும் கைவிடப்பட்டது. இங்கு கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தத் திருப்பமே கல்கியின் கற்பனை என்பதால், அதனை நீக்கிய படம் மூலநூலிலிருந்து விலகினாலும் வரலாற்றிலிருந்து விலகிவிடவில்லை. நாவலுக்கு உண்மையாக இருப்பதும் வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு பெயரிலிருந்து எழுந்த வீரன்

கதையின் நாயகன் வந்தியத்தேவன் ஓலையுடன் குதிரையேறிப் புறப்படுகிறான். வாட்போரிலும் வாய்ப்பேச்சிலும் வெல்கிறான். கடல் கடந்து இலங்கைக்கும் செல்கிறான். திரையில் இப்பாத்திரத்தை நடிகர் கார்த்தி ஏற்றார். வரலாற்றில் இவருக்குள்ள சான்று மிகச் சுருக்கமானது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. அந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு முழு வீரசாகசத்தையும் கல்கி படைத்தார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் முற்றிலும் அவருடைய கற்பனையில் பிறந்தவர்கள்.

ஆதித்த கரிகாலன் கொலையும் இத்தகையதே. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைத் தருகிறது. அவர்களுடைய உறவினர்களின் சொத்துகள் பறிக்கப்பட்டதையும் கூறுகிறது. ஆனால் கொலைக்கான காரணத்தை அது சொல்லவில்லை. உத்தம சோழருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று வரலாற்றறிஞர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. அறிஞர்கள் முடிவு காணாத அந்த இடைவெளியைத்தான் நாவலாசிரியர் தமது கதைக்குரிய களமாக்கிக்கொண்டார்.

கடற்படையெடுப்பும் நக்கவாரமும்

நாவலின் கதை நிகழ்வது சுந்தர சோழரின் ஆட்சிக் காலத்தில். ராஜராஜன் அரியணை ஏறியது கி.பி. 985-ல், அவருடைய மகன் முதலாம் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை செலுத்தியது 1025-ல். எனவே கதைக்கும் கடற்போருக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொலைவு உள்ளது. பொதுமக்களின் நினைவில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவது இயல்பு.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரம் உள்ளிட்ட வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரம் என்ற பெயரைச் சேர்த்துச் சொல்கிறது. இது இன்றைய நிகோபார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வெல்லப்பட்ட இடங்களுள் ஒன்றாகவே அங்கு அப்பெயர் வருகிறது. ஆகவே, ஒரு தீவை வென்றதற்கான சான்றை, தீவுக்கூட்டம் முழுவதும் நிரந்தரக் கடற்படைத் தளமாக இருந்ததற்கான சான்றாகக் கொள்வது அந்த வரி தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான சுமை.

பெயரிலும் ஒரு முரண் உள்ளது. ஸ்ரீவிஜயம் என்பது ராஜேந்திரன் போர் தொடுத்த அரசு. விடுதலைப் போராட்டத்தில் பெற்ற வெற்றியை இப்புதுப் பெயர் குறிப்பதாக மத்திய அரசு விளக்கியுள்ளது. அதே ஸ்ரீவிஜய மன்னர்கள் எழுப்பிய நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை வழங்கியதை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. தந்தை காலத்தில் நட்பாக இருந்த அரசு, மகன் காலத்தில் பகையானது ஏன் என்பது எந்தப் படத்துக்கும் குறையாத சுவையுள்ள கேள்வி.

யாருடைய பொறுப்பு?

ராஜேந்திரனின் கடற்படையெடுப்பு ஆயிரம் ஆண்டுகளை எட்டியதையொட்டி, கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27 அன்று நடைபெற்ற ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் நரேந்திர மோடி பங்கேற்று நினைவு நாணயத்தை வெளியிட்டார். மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சோழர் பெருமையைப் போற்றுவதில் முனைப்புக் காட்டுகின்றன.

புனைவு எழுதியதற்காகக் கல்கியையோ, படமெடுத்ததற்காக மணிரத்னத்தையோ குறைகூற இடமில்லை. கதை சொல்வது அவர்களுடைய தொழில். அதனால் பல வாசகர்கள் கல்வெட்டுகளைத் தேடிச் சென்றதும் உண்மை. ஆனால் பாடநூலும் அருங்காட்சியகமும் அரசு அறிவிப்பும் வேறு அளவுகோலுக்கு உட்பட்டவை. அங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்டப்பட வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். அவர்களுடைய பிள்ளைகள் சோழரைப் பற்றிப் பெருமிதம் கொள்வது இயல்பே. அதே தீவுகளில், சோழர் கப்பல்கள் வருவதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் பழங்குடி மக்களும் உள்ளனர். வென்றவரின் மெய்க்கீர்த்தி கல்லில் நிலைத்திருக்கிறது. வெல்லப்பட்ட நக்கவாரத்து மக்களின் எழுத்துச் சான்று எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தலைமுறைக்குச் சோழர் கடல் வரலாற்றைக் கற்பிப்போர் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் அந்த வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாக இருக்கும்.