வாடகையைப் பார்த்தால் போதுமா?

போட்டி ஓட்டலின் அறை வாடகையை மணிக்கொருமுறை பார்த்து நம் விலையை மாற்றினால் வருமானம் ஏறும் என்கிறார்கள் சிலர். ஏறாது. இணையத்தில் தெரிவது கேட்கும் விலை; நிறுவன ஒப்பந்தங்களுக்கும் விமானப் பணியாளர்களுக்கும் கொடுத்த விலையும், விற்ற அறைகளின் எண்ணிக்கையும் அங்கே தெரியாது. 100 அறைகளில் 50ஐ 4,000 ரூபாய்க்கு விற்றவருக்கு வரவு 2 லட்சம். 80ஐ 3,000க்கு விற்றவருக்கு 2.4 லட்சம். வாடகையை மட்டும் பார்ப்பவர் முதலாமவரைத்தான் பின்பற்றுவார்.

1985இல் அமெரிக்காவில் தொடங்கிய எஸ்.டி.ஆர். நிறுவனம், விற்ற அறைக் கணக்கையும் வரவையும் ஓட்டல்களிடமே வாங்கி, போட்டிக் குழுவின் மொத்தத்தோடு ஒப்பிட்டுக் குறியீடாகத் தருவது இதனால்தான். அதிலும் ஓட்டை உண்டு: குழுவில் யார் யார் என்பதைப் பெரும்பாலும் ஓட்டலே முடிவுசெய்கிறது. நோஞ்சான்களைச் சேர்த்துக்கொண்டால், குழுவுக்குச் சமம் என்பதைக் குறிக்கும் 100ஐக் குறியீடு தாண்டும், அறைகள் காலியாகவே கிடக்கும். முதலில் அந்தப் பட்டியலைத் திருத்துங்கள். மணிக்கணக்கை அப்புறம் பேசலாம்.