யாருடைய பயணங்கள்? – முன்டரும் காண்டின்ஸ்கியும்

நவீன ஓவியத்தின் கதையைச் சொல்லும் நூல்களில் ஒரு செய்தி சிற்சில மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகிறது. 1904 முதல் 1908 வரை காண்டின்ஸ்கி ஹாலந்து, துனீசியா, இத்தாலி, பிரான்ஸ் எனப் பயணம் செய்தார். அவருடைய மாணவியும் காதலியுமான கப்ரியேலே முன்டர் உடன் சென்றார் என்பதே அச்செய்தி. இலக்கணப்படி இதில் பிழையொன்றும் இல்லை. எழுவாய் காண்டின்ஸ்கி. பயனிலை பயணம். முன்டருக்கு அரைப்புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம். ஆனால் உண்மைக்கும் இந்த வாக்கிய அமைப்புக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது என்பதே நம் வாதம். தமிழில் மேலைக்கலை குறித்து எழுதுகிறவர்களும் இதே அமைப்பை அப்படியே எடுத்தாள்வதால் இதை இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அப்பயணங்கள் ஏன் நேர்ந்தன என்பதைப் பார்ப்போம். அக்காலத்து மியூனிக் கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. முதல் உலகப்போர் முடிந்த பின்னரே அதன் கதவு அவர்களுக்குத் திறந்தது. ஆகவே ஓவியம் கற்க விரும்பிய பெண்கள் தனிப் பள்ளிகளை நாடினர். முன்டர் அவ்வாறு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் காண்டின்ஸ்கி பாடம் நடத்திய ஃபாலாங்ஸ் பள்ளி. 1902 கோடையில் அப்பள்ளியின் ஓவிய வகுப்பு கோகெல் என்னும் மலையடிவாரச் சிற்றூரில் நடந்தது. அங்கே ஆசிரியருக்கும் மாணவிக்கும் நெருக்கம் வளர்ந்தது. காண்டின்ஸ்கியின் மனைவி வரவிருந்ததால் முன்டர் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. மறு ஆண்டுக் கோடையில் கால்முன்ஸ் என்ற ஊரில் இருவரும் திருமணம் செய்துகொள்வதென உறுதி செய்துகொண்டனர். ஆயினும் காண்டின்ஸ்கியின் மணமுறிவு 1911-இல்தான் சட்டப்படி நிறைவேறியது. மியூனிக் நகரில் ஒரே கூரையின்கீழ் வாழ இருவருக்கும் வழியில்லை.

எனவே இப்பயணங்களை உல்லாசச் சுற்றுலா என்று கொள்வது தவறு. 1904 கோடையின் தொடக்கத்தில் ஹாலந்து. அவ்வாண்டு இறுதி முதல் 1905 வசந்தம் வரை துனிஸ். அந்தக் கோடையில் டிரெஸ்டன். அடுத்த குளிர்காலம் இத்தாலியக் கடற்கரையின் ரப்பால்லோ. 1906 கோடை தொடங்கி ஓராண்டுக் காலம் பாரிஸை அடுத்த செவ்ர். பின்னர் பெர்லின், தெற்குத் திரோல். விடுதிகளும் வாடகை அறைகளுமாகக் கழிந்த ஆண்டுகள் இவை. ஊரில் வீடு அமையாதவர்கள் வெளியூரில் வாழ்ந்தனர் என்று சொல்வதே பொருந்தும். அந்த நிலையின் சுமை இருவர்க்கும் சமமாக இருந்ததா? மனைவி இருக்கும் ஆணோடு மணமாகாத பெண் ஒருத்தி ஊர் ஊராகச் செல்வதற்கு அன்றைய ஐரோப்பாவில் யார் அதிக விலை கொடுத்திருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்விலையைக் கொடுத்தவரைத்தான் வரலாறு துணைநிலை எச்சமாக்கி வைத்திருக்கிறது.

'உடன் சென்றார்' என்ற சொல்லுக்குள் ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது: உலகம் அறிந்த ஆண் வழிகாட்ட, உலகம் அறியாத பெண் பின்தொடர்கிறாள் என்பது. முன்டரைப் பொறுத்தவரை இது முழுப் பொய். பெற்றோரை இழந்த பிறகு, 1898-இல், தம் தமக்கையுடன் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றவர் அவர். மிசௌரி, ஆர்கன்சா, டெக்சஸ் மாநிலங்களில் உறவினர்களிடையே இரண்டாண்டுகள் வாழ்ந்தார். 1899-இல் அவர் கைக்கு ஒரு கொடாக் ஒளிப்படக் கருவி கிடைத்தது. அதைக்கொண்டு ஏறக்குறைய 400 படங்களை எடுத்தார். வெட்டவெளிச் சாலைகள், மரவீடுகள், ஞாயிற்றுக்கிழமை உடையணிந்த கறுப்பினப் பெண்கள் என்று அப்படங்களில் ஒரு தேசமே இருக்கிறது. எதைச் சட்டகத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்ற தேர்ச்சி காண்டின்ஸ்கியைச் சந்திப்பதற்கு முன்பே அவருக்கு வாய்த்துவிட்டது. அந்தக் கண்ணோடும் கருவியோடும்தான் அவர் துனிஸ் நகரத்துத் தெருக்களிலும் நடந்தார். அமெரிக்கப் படங்களுக்கென மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகம் ஒரு தனிக் கண்காட்சி நடத்தியது 2006-இல். எடுத்தவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இனி, பயண ஆண்டுகளில் அவர் செய்தது என்ன என்று கேட்போம். கால்முன்ஸ் கோடையில் காண்டின்ஸ்கி ஓர் ஓவியம் தீட்டினார்: ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கும் முன்டர். அதே 1903-இல் முன்டரும் ஓர் ஓவியம் தீட்டினார்: நிலக்காட்சி தீட்டிக்கொண்டிருக்கும் காண்டின்ஸ்கி. இரண்டும் இன்று லென்பாக்ஹவுஸில் உள்ளன. ஒருவர் மற்றவரை எவ்வாறு கண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அவர்கள் கண்டது இரண்டு ஓவியர்களை. நூலாசிரியர்கள் காண்பது ஓர் ஓவியரையும் ஒரு காதலியையும்.

பயண நாட்களில் இருவரும் சிறு பலகைகளில் ஓவியக் கத்தியால் தடித்த வண்ணம் அப்பி நிலக்காட்சிகளைத் தீட்டினர். பூங்கா, கடற்கரை, படகு, சந்து. அருகருகே வைத்துப் பார்த்தால் ஆசிரியர்–மாணவி என்ற ஏற்றத்தாழ்வு அப்பலகைகளில் பெரிதாகத் தென்படுவதில்லை. அருவ ஓவியத்தின் தந்தை என்று பிற்காலம் கொண்டாடும் காண்டின்ஸ்கி அப்போது பிறக்கவில்லை. இருவருமே தேடிக்கொண்டிருந்தவர்கள். ஒருவரின் தேடலை 'வளர்ச்சிக் கட்டம்' என்றும் மற்றவரின் தேடலை 'பாதிப்பு' என்றும் பெயரிட்டு அழைப்பது எந்த அளவுகோலால்?

பாரிஸ் ஆண்டை எடுத்துக்கொள்வோம். காண்டின்ஸ்கி செவ்ரில் தங்கி, பழைய ருசியாவைக் கனவு காணும் 'பல்வண்ண வாழ்க்கை' போன்ற பெரிய டெம்பரா ஓவியங்களில் ஈடுபட்டிருந்தார். முன்டரோ அந்தக் குளிர்காலத்தில் பாரிஸ் நகருக்குள் தனியே அறை எடுத்துக்கொண்டார். கிராண்ட் ஷோமியேர் கலைக்கூடத்தில் பயின்றார். மரத்திலும் லினோலியத்திலும் செதுக்கி வண்ண அச்சுகளை உருவாக்கினார். 'ஔரெலி' என்ற பெண்முகமும், ஆர்மோனியத்தின் முன் அமர்ந்த காண்டின்ஸ்கியும் அவ்வச்சுகளுள் அடங்கும். தெளிந்த புறக்கோடு, தட்டையான வண்ணப்பரப்பு, வேண்டாதவற்றைக் களைந்துவிடும் துணிவு ஆகியவை அங்கே முதிர்ந்து நிற்கின்றன. 1907-இல் பாரிஸின் சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. 1908-இல் கொலோன் நகரில் தனிக் கண்காட்சி நடத்தினார். உடன்சென்று பெட்டி சுமந்தவர் செய்யும் காரியங்களா இவை?

இப்பின்னணியை நீக்கிவிட்டால் 1908 கோடை ஓர் அற்புதமாகிவிடுகிறது. அவ்வாண்டு முர்னாவ் என்னும் ஆல்ப்ஸ் அடிவார ஊரில் முன்டர், காண்டின்ஸ்கி, யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் ஆகிய நால்வரும் சேர்ந்து தீட்டினர். நவீன ஜெர்மானிய ஓவியத்தின் திருப்புமுனை என்று அக்கோடை போற்றப்படுகிறது. இயற்கையைப் பார்த்து எழுதுவதிலிருந்து அதன் சாரத்தை எடுத்து எழுதுவதற்குத் தாம் அங்கே பாய்ந்ததாக முன்டரே பின்னர்க் குறித்துவைத்தார். யாவ்லென்ஸ்கிக்குத் தாம் பட்ட கடனையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கான கால்வலு பாரிஸ் அச்சுகளில் முன்பே சேர்ந்திருந்தது. உள்ளூர்க் கைவினைஞரான ராம்போல்டிடம் கண்ணாடியின் பின்புறம் தீட்டும் கலையைக் குழுவினருள் முதலில் கற்றவரும் அவர்தான். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் முறையே அது. காண்டின்ஸ்கி உள்ளிட்ட மற்றவர்கள் அவ்வழியில் பின்தொடர்ந்தனர். 1909-இல் முர்னாவில் ஒரு வீட்டை வாங்கியவரும் முன்டரே. ஊரார் அதை 'ருசியர் வீடு' என்றனர். வாங்கியவர் ஜெர்மானியப் பெண். பெயர் மட்டும் ருசிய ஆணுக்கு. தெருப்பெயரிலிருந்து கலை வரலாறு வரை பழக்கம் ஒன்றுதான்.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழலாம். ஒன்று, காண்டின்ஸ்கி அல்லவா பெரிய கலைஞர், அவரை எழுவாயாக வைப்பதில் என்ன தவறு என்பது. யார் பெரியவர் என்ற தராசை நாம் கையில் எடுக்கவே இல்லை. காண்டின்ஸ்கியின் பெருமையை ஒரு குன்றிமணி அளவும் குறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. இருவர் செய்த பயணத்தை ஒருவர் பெயரில் பதியாதீர்கள் என்றே கேட்கிறோம். இது மதிப்பீட்டுப் பிரச்சினைக்கு முன்னால் வரும் கணக்குப் பிரச்சினை.

மற்றொரு மறுப்பு அனுதாப வேடம் பூண்டு வருகிறது. 1914-இல் போர் மூண்டதும் காண்டின்ஸ்கி ருசியா திரும்பினார். 1915 இறுதியில் ஸ்டாக்ஹோமில் இருவரும் சந்தித்தனர். 1916 வசந்தத்தில் அவர் விடைபெற்றார். பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. 1917-இல் அவர் மாஸ்கோவில் நீனா என்ற பெண்ணை மணந்தார். வாக்குறுதி பொய்த்தது. ஆகவே முன்டர் கைவிடப்பட்ட பேதை, அவருக்காகக் கண்ணீர் சிந்துங்கள் என்கிறார்கள் சிலர். இந்தக் கண்ணீரும் அழிப்பான்தான். 'காதலி' என்ற சொல் மறைத்ததை 'கைவிடப்பட்டவள்' என்ற சொல் வேறு வகையில் மறைக்கிறது. இரண்டிலும் அவர் காண்டின்ஸ்கியின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி, அவ்வளவே. துயரம் உண்மை, அதன்பின் அவர் குறைவாகத் தீட்டிய ஆண்டுகளும் உண்மை. ஆனால் அவர் 1962 வரை வாழ்ந்தார், முதுமையிலும் தீட்டினார் என்பதும் உண்மை.

அந்த நீண்ட வாழ்வில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. காண்டின்ஸ்கியின் ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' என்று 1937-இல் இகழ்ந்து காட்சிக்கு வைத்தது நாஜி அரசு. அவருடைய போருக்கு முந்திய படைப்புகளை முர்னாவ் வீட்டின் நிலவறையில் மறைத்துக் காத்தார் முன்டர். 1957-இல், தம் எண்பதாம் அகவையில், அவற்றோடு தம் படைப்புகளும் நண்பர்களின் படைப்புகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை லென்பாக்ஹவுஸுக்கு நன்கொடையாக வழங்கினார். காண்டின்ஸ்கியின் பயண ஆண்டுகளைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, உடன்சென்றவர் என்று சொல்லப்படுகிறவர் காத்துக்கொடுத்ததால் அறிந்தது. காத்தவரைக் காவலாளியாக மட்டும் நினைவுகூர்வது நன்றியாகாது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய நோய் அன்று. தலைவனோடு பாலைவழி நடந்த தலைவியின் பயணத்துக்கு 'உடன்போக்கு' என்று பெயரிட்டது நம் அகமரபு. நடந்த கால்கள் நான்கு; பெயரோ பின்சென்ற இரண்டு கால்களை மட்டும் சுட்டுகிறது. பெண்ணோடு கடல்கடத்தல் வழக்கமன்று என்றும் தொல்காப்பியம் சொல்லிச் சென்றது. மரபைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இம்மரபில் ஊறிய நமக்கு, 'உடன் சென்றார்' என்று படிக்கும்போது உறுத்தல் ஏற்படாமல் போவது எளிது என்பதற்காகவே சொல்கிறோம். உறுத்த வேண்டும்.

2024-இல் மாட்ரிடிலும் 2025-இல் பாரிஸிலும் முன்டருக்கென்று பெரிய கண்காட்சிகள் தொடங்கின. உலகம் மெல்லத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அடுத்த முறை நவீன ஓவியம் குறித்து எழுத அமரும் தமிழ்க் கட்டுரையாளரிடம் நாம் கேட்பது பெரிய புரட்சி ஏதுமில்லை, ஓர் இலக்கணத் திருத்தமே. எழுவாயில் இரண்டு பெயர்களை எழுதுங்கள். வினைமுற்றைப் பன்மையில் முடியுங்கள். 1904 முதல் 1908 வரை முன்டரும் காண்டின்ஸ்கியும் பயணம் செய்தனர், இருவரும் தீட்டினர்.