மன நிம்மதி வியாபாரம்

கீழ்பென்னாத்தூர் பக்கத்து மக்கள் பௌர்ணமிதோறும் கூட்டங் கூட்டமாய்த் திருவண்ணாமலைக்குப் போகின்றார்கள். எதற்கு என்று கேட்டால், மனசு சரியில்லை, மலையைச் சுற்றினால் நிம்மதி உண்டாகும் என்பதாகச் சொல்லுகின்றார்கள். அந்த நிம்மதி எங்கிருந்து வருகின்றது என்பதைத்தான் நாம் கேட்கின்றோம்.

சுற்றுவழி சுமார் 14 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நடந்தால் எவருக்கும் உடம்பு இளகும். மனமும் சற்றுத் தெளியும். இதில் மலைக்கும் நிலவுக்கும் என்ன வேலை? நடந்தது நம் கால். புகழ் மட்டும் கல்லுக்கு! (மற்ற நாளில் நடந்தால் பலன் குறைவாம். நிலவுக்கு யார் கமிஷன் கொடுக்கின்றார்களோ!) வழியில் எட்டு லிங்கம், எட்டிடத்திலும் கற்பூரத் தட்டு. மாதம் ஒரு நாள் மூன்றரை மணி நேரம் நடப்பவர், தினம் அரைமணி நேரம் தம் ஊர் ஏரிக்கரையில் நடந்தால் மாதத்தில் 15 மணி நேரமாகின்றது. அங்கே உண்டியல் இல்லை.

இன்னொரு வேடிக்கை. கவலைப்பட்ட மனதுக்கு முதல் மருந்து தூக்கம். இவர்களோ இரவெல்லாம் விழித்து நடக்கின்றார்கள். பெண்கள் விடிந்ததும் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே அடுப்படிக்குப் போகின்றார்கள்.

தோழர்களே! கவலை கிரகத்திலிருந்து வரவில்லை. வாரக்கடன் தவணை, விளைந்தும் விலை கிடைக்காத நெல், குடித்துவிட்டு வரும் புருஷன், ஓய்வென்பதே அறியாத வீட்டுவேலை ஆகிய இவைகளிலிருந்து வருகின்றது. இவைகளுக்கு ஏழரைச் சனி என்று பெயர் வைத்துவிட்டால் வட்டிக்காரனும் புருஷனும் தப்பித்துக்கொள்ளுகின்றார்கள். சனிக்கு எள்விளக்குப் போடும் செலவும் கடனோடு சேர்ந்துகொள்ளுகின்றது.

கவலை முற்றி மனோவியாதியானாலோ, பேய் பிசாசென்று கோயிலுக்கும் தர்காவுக்கும் இழுத்துச் செல்லுகின்றார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட வழியற்றுக் கிடந்தவர்கள் உள்பட 28 பேர் மாண்டார்கள். எந்தத் தெய்வம் வந்து பூட்டைத் திறந்தது?

மனோவியாதியும் மற்ற வியாதிகளைப்போல் வைத்தியத்துக்குக் கட்டுப்பட்டதே. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். தட்சணையில்லாத யோசனை மட்டும் நம்மவர்களுக்கு மட்டமாய்த் தோன்றுகின்றது!

இதைப் படிக்கும் ஆண்பிள்ளைகள் அடுத்த பௌர்ணமிக்குப் பெண்டாட்டியை மலைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, சமையலைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளை ஏழு மணி நேரம் தூங்கவிடட்டும். அதற்கு ஒரு குழம்பு வைக்கத் தெரிந்தால் போதும்.